பெஞ்சில் விட்டுவைத்த இடம்

அன்புள்ள சரோ,

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ ஒரு கார்டில் நாலு வரி எழுதியிருந்தாய். நானும் அப்படியே ஒரு கார்டு போட்டிருந்தால் உனக்குத் தொந்தரவில்லை. வீட்டிலிருந்து வரும் கவர் கனமாக இருந்தால் உள்ளே புத்திமதிதான் இருக்கும் என்று பிரிக்காமலே பெட்டியில் போட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உன் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன், எனக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்திருந்தால். இருந்தாலும் லீவு முடிந்து மற்றப் பெண்கள் ஹாஸ்டலுக்குத் திரும்புவதற்குள் இதை ஒரு தடவை படித்துவிடு. ஏன் அதற்குள் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் நீ மேலே படிக்க மாட்டாய்.

தசரா லீவுக்கு வரவில்லை, எல்லோரும் போய்விட்டால் ஹாஸ்டல் காலியாக இருக்கும், அதுதான் நிம்மதி என்று எழுதியிருந்தாய். தீபாவளிக்குப் பெட்டி படுக்கையோடு வந்துவிடுகிறேன், திரும்பிப் போகப் போவதில்லை, அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றும் எழுதியிருந்தாய். கார்டு ஆனதால் தபால்காரர் படித்திருப்பார். அப்பா இன்னும் படிக்கவில்லை. பாடம் புரியவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்று நீ எழுதியிருந்தால் எதிர்த்துச் சொல்ல எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். ஆட்கள் இல்லாத இடம்தான் நிம்மதி என்று பதினேழு வயதுப் பெண் எழுதினால் அவளுடைய அம்மா என்ன பதில் எழுதுவது? கார்டை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, அரிசி களையக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த நிம்மதி எனக்குத் தெரியாததில்லை. மண்ணச்சநல்லூரில் என் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தைக்கிற வேலை பார்த்தார் என்பது உனக்குத் தெரியும். அவருடைய பெண் கொள்ளிடம் தாண்டி பஸ்ஸில் போய்த் திருச்சியில் பி.ஏ. படித்தாள் என்பதைத்தான் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்க உட்கார்ந்திருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. என் புடவை, என் பேச்சு, என் கையில் இருந்த அலுமினியச் சோற்று டப்பா எல்லாமே அங்கே தப்பாக இருப்பதாக நினைத்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பதில் சொல்லிப் பழகியிருப்பேன். கடைசி நாளில் எல்லோரும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னிடம் வந்து, "நீ எந்த செக்‌ஷன்?" என்று கேட்டாள். அவள் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். பட்டம் வாங்கியதும் அப்பா அதை ஆலைக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினார். தவிட்டுக் கை படக்கூடாது என்று யாரையும் தொடவிடவில்லையாம்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது இங்கேயாவது வேறு ஆளாக இருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அடையவளஞ்சான் வீதியில் நம் வரிசையில் நான்தான் பி.ஏ. வந்த மாதமே அது தெரிந்துபோய், தந்தி வந்தால் நம் வீட்டுக்கு எடுத்து வர ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் தந்தி என்றால் என்ன சேதி என்று உனக்குத் தெரியும். நான் படித்துச் சொல்வேன். அதற்குப் பிறகு கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உட்காரச் சொல்லித் தண்ணீர் தர வேண்டும். எனக்கு எதுவும் வராது. தந்தியை மடித்துத் திருப்பிக் கொடுப்பேன். அவர்கள் அழுதுகொண்டே வேறு வீட்டுக்குப் போய் ஆறுதல் தேடிக்கொள்வார்கள். இதில் இன்னொன்று. தெருவில் காப்பிப் பொடியும் கறிவேப்பிலையும் வீட்டுக்கு வீடு போய் வந்துகொண்டிருக்கும். ஒரு டம்ளர் வாங்கினால் மறுநாள் டம்ளர் நிறையத் திருப்பித் தருவார்கள், கூடவே அரை மணி நேரம் பேச்சு. நம் வீட்டிலிருந்து யாரும் எதுவும் கேட்டுப் போனதில்லை. யாரிடமும் கை நீட்டாத குடும்பம் என்பது என் அப்பாவுக்குப் பெருமை. அதையே நானும் சீராகக் கொண்டுவந்தேன். நாம் கேட்காததால் நம்மிடமும் யாரும் கேட்கவில்லை. தந்தி வந்தால் மட்டும் வந்தார்கள்.

நீ பேச ஆரம்பித்த வயதிலிருந்தே உன்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடுவதைப் பார்ப்பாய். அவர்கள் தாவும்போது உன் கால் விரல் உள்ளே தரையில் அசையும். போய் விளையாடு என்றால் என் புடவைக்குள் வந்துவிடுவாய். பொன்மலை ஆபீஸிலிருந்து அப்பா வந்ததும் சொல்வேன். "உன்னை மாதிரிதானே இருக்கா. நீ என்ன கெட்டா போயிட்ட?" என்று கேட்டுவிட்டுக் கை கால் கழுவப் போய்விடுவார். கெட்டுத்தான் போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இவரோடுகூட நான் மனதுவிட்டுப் பேசியதில்லை என்று எப்படிச் சொல்வது?

உன்னையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று நான் செய்ததெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குத் தெரிந்த வரிசை வேறு, நடந்த வரிசை வேறு. அதனால் சொல்கிறேன். உனக்கு எட்டு வயது இருக்கும்போது தெருப் பெண்களுக்கு சாயங்காலத்தில் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம் என்று சொன்னேன். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் உனக்கு ஒரு தோழியாவது கிடைக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. கூட்டம் வந்தது. வந்தவர்கள் என் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நீ உன் வீட்டிலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். அவர்கள் என்னை டீச்சரம்மா என்றார்கள், உன்னை பி.ஏ. வீட்டுப் பொண்ணு என்றார்கள். டீச்சரம்மாவின் பெண்ணோடு யார் வம்பு பேசுவார்கள், யார் சண்டை போடுவார்கள்? வம்பும் சண்டையும் இல்லாமல் அந்த வயதில் என்ன சிநேகிதம் வரும்? இது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு தடவை எல்லோரையும் முக்கொம்புக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் மற்றப் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பொட்டலங்களைப் பிரித்து நடுவில் தள்ளி, "உன் எலுமிச்சம் சாதம் குடுடி, என் தயிர் சாதம் எடுத்துக்கோ" என்று மாற்றிக்கொண்டார்கள். நீ மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து உன் டப்பாவில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் நீயே சாப்பிட்டாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லூரியில் நான் அலுமினிய டப்பாவை எப்படித் திறப்பேனோ அப்படியே, மூடியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இனிமேல் சும்மா இருக்க முடியாது என்று நினைத்தேன். எதிர்வீட்டு ஜெயாவிடம் பேசினேன்.

ஜெயாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் வாய் ஓயாது. யார் வீட்டுக்குள்ளும் போய், "மாமி, ஒரு முறுக்கு குடுங்க, பசிக்குது" என்பாள். கேட்டு வாங்கித் தின்றுவிட்டு அந்த வீட்டுக்காரியாகவே ஆகிவிடுவாள். அந்த வித்தை உனக்கு ஒட்டாதா என்று பார்த்தேன். "எங்க சரோவையும் உங்க ஆட்டத்துல சேத்துக்கோம்மா" என்று சொல்லி, கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். அவள் சேர்த்துக்கொண்டாள். அதனால் இன்னொரு பன். நீ அந்த நாட்களில் மூச்சு வாங்க ஓடி வருவாய், முழங்காலில் மண்ணோடு. அந்த மண்ணைக் கழுவும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

பிறகு நவராத்திரி வந்தது. கொலுவுக்கு அழைக்கப் பெண் பிள்ளைகள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போவார்கள். அந்த வருஷம் நீயும் போனாய். "எங்க வீட்டுக் கொலுவுக்கு வந்து வெத்தலை பாக்கு வாங்கிக்குங்க." இந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். நான் வாசல் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வீட்டு வாசலில் உன் முறை வந்தது. நீ சிமிழை நீட்டிக்கொண்டு நின்றாய். சத்தம் வரவில்லை. அந்த வீட்டு அம்மா சிரித்தாள். "சொல்லுடி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் ஜெயா. இன்னும் வரவில்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போதுதான் ஜெயா சொன்னாள், "டீச்சரம்மா பன்னு வாங்கிக் குடுத்து உன்னைச் சேத்துக்கச் சொன்னாங்க. இல்லேன்னா உன்னை யாருடி கூப்பிடுவா?"

நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து சிமிழைப் படியில் வைத்துவிட்டு, "எத்தனை நாளா பன்னு வாங்கித் தர்றே?" என்று கேட்டாய். நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அதற்குக்கூட வாய் வரவில்லை. அதற்கு மேல் ஒன்று செய்தேன், அதுதான் இன்னும் மோசம். மறுநாள் ஜெயாவின் கையைப் பிடித்து அழைத்து வந்து உன் முன்னால் நிறுத்தினேன். "தப்புதான் சரோ, மன்னிச்சுக்கோ" என்று அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். நீ அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "இதுவும் நீ சொல்லிக்குடுத்ததுதானே?" என்றாய். ஜெயாவுக்கும் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவளுக்கு உன்னைப் பிடித்துத்தான் இருந்ததோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் நான் ஆக்கிவிட்டேன். அவள் இப்போது கும்பகோணத்தில் குடித்தனம் செய்கிறாள். எதிர்வீட்டுக்கு வந்தால் என்னைப் பார்த்துத் தலையசைப்பாள், உள்ளே வருவதில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் யார் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும், யார் பென்சில் கேட்டாலும் அன்று வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாய். நான் அனுப்பினேனா என்று தேடுகிற பார்வை. நான் அனுப்பாத பெண்கள் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள். எல்லோரும் நான் அனுப்பியவர்களாகத்தான் திரும்பிப் போனார்கள். சில சமயம் நான் சொல்லியும் இருந்தேன், வாத்தியாரம்மாவிடம், பேசுகிற பெண்கள் பக்கத்தில் உன்னை உட்கார வைக்கும்படி. அதையும் நீ கண்டுபிடித்தாய். மெட்ராஸ் காலேஜில் இடம் கிடைத்தபோது, என் கை எட்டாத ஊர், அங்கே இவளுக்குச் சந்தேகம் வராது என்று சந்தோஷப்பட்டேன். என் கை எட்ட வேண்டியதே இல்லை, நீ அதை உன்னோடு எடுத்துப் போயிருக்கிறாய் என்று கார்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஆகையால் புத்தி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, சரோ. இத்தனை வருஷம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றே ஒன்று தெரிந்துகொண்டேன். சிநேகிதம் பிடிக்கிறவர்கள் கெட்டிக்காரத்தனமாக எதுவும் பேசுவதில்லை. அவர்கள் ஏதாவது கேட்கிறார்கள். ஒரு டம்ளர் பொடி, ஒரு முறுக்கு, இந்த பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகுமா என்று. கேட்கப்பட்டவர்கள் அதில் மகிழ்ந்துபோகிறார்கள். நாம் கேட்பதை பாரம் என்று நினைக்கிறோம். இது தெரிந்தும் எனக்கு ஒரு பயனும் இல்லை. நாற்பது வயதை நெருங்குகிறேன், போன வாரம்கூடக் காப்பிப் பொடி தீர்ந்துபோய், எதிர்வீட்டில் கேட்காமல் அப்பாவுக்கு வெந்நீரைக் கொடுத்தேன். எனவே இது உனக்கு உதவும் என்று நான் நம்பவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், பூஜையில் வைத்த உன் பழைய புத்தகங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண், வெயிலில் முகம் சிவந்து, கையில் குடையை விரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரோ இருக்காளாம்மா? நான் பாலக்கரையிலேருந்து வரேன். பிலோமினா. ஹாஸ்டல்ல அவளுக்கு எதிர் ரூம். தெரு மாறி கொள்ளிடக்கரை வரைக்கும் போயிட்டேன். பூக்கடையில கேட்டுக் கேட்டு வந்தேன்."

"சரோ வரலையேம்மா. ஹாஸ்டல்லதான் இருக்கா."

"ஊருக்குப் போறேன்னு எங்கிட்ட சொன்னாளே." பிறகு சிரித்தாள். "இந்த நாலு மாசத்துல எங்கிட்ட முழுசா சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்மா. அதுவும் பொய்யா?"

உள்ளே வரச் சொல்ல எனக்குத் தோன்றுவதற்கு முன்பே, "தண்ணி குடுங்கம்மா, தொண்டை காயுது" என்று கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டாள், "நான் சத்தமா பேசறேனே, அதனால அவளுக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?" மெஸ்ஸில் தினமும் பெஞ்சில் தன் பக்கத்தில் டம்ளரை வைத்து உனக்கு இடம் பிடித்து வைக்கிறாளாம். நீ பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விடுகிறாயாம். "மத்தவளுங்க கேலி பண்ணுவாளுங்க, யாருக்குடி சீட்டு, மாப்பிள்ளைக்கான்னு."

ஏன் இவளுக்காக இத்தனை பாடு என்று நான் கேட்கவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவளே சொன்னாள். "முதல் வாரம் மெஸ் நோட்டீஸ் போர்டுல 'இன்று முருங்கைக்காய் சாம்பார்'னு எழுதியிருந்தாங்க. கரண்டி போட்டுத் தேடினாலும் ஒரு காய் இல்ல. இவ பின்னால நின்னுக்கிட்டு, 'போர்டைத்தான் போட்டுக் கொதிக்க வச்சிருப்பாங்க போல'ன்னு மெதுவா தனக்குள்ளயே சொல்லிக்கிட்டா. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. பொறையேறிப் போச்சும்மா எனக்கு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், சாப்பிட்டா இவ பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடணும்னு."

நீ வேடிக்கையாகப் பேசுவாய் என்பது எனக்குத் தெரியாது. பதினேழு வருஷம் உன்னைக் கண் எடுக்காமல் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. பாலக்கரைப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் கிளம்பும்போது என் நாக்கு நுனியில் அந்தப் பழைய வாக்கியம் வந்து நின்றது. அவளைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா. அதை விழுங்க நான் பட்ட பாடு உனக்குப் புரியாது. வாசற்படியில் அவள் நின்று, "அவகிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. திமிர் பிடித்த வீடு என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். ஆனால் அவள் போகவில்லை. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அது நாரத்தங்காய் ஊறுகாயாம்மா? மெஸ் மோர் சாதத்துக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் தருவீங்களா?" என்றாள்.

சரோ, இத்தனை வருஷத்தில் இந்த வீட்டு வாசலில் தந்தி இல்லாமல் வந்து என்னிடம் ஒன்று கேட்டவள் அவள்தான். யோசிக்காமல் பாட்டில் நிறைய எடுத்து, மூடியில் என் பழைய புடவையின் நீலக்கரைத் துணியைக் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் தெரு முனையைத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. லீவு முடிந்ததும் மெஸ் பெஞ்சில் அந்த பாட்டிலைப் பார்ப்பாய். என் கட்டு, என் துணி. முன்னே பன், இப்போது ஊறுகாய் என்றுதான் உனக்குத் தோன்றும். பின்னாலேயே ஓடிப் போய் பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம், அதனால்தான் அதற்குள் படிக்கச் சொன்னேன்.

நான் அவளை அனுப்பவில்லை. இதை எழுதும்போதே இது எவ்வளவு பிரயோஜனமில்லாத வாக்கியம் என்று தெரிகிறது. அனுப்பியிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன் என்று நீ சொல்வாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். உன்னை நம்பவைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை. தீபாவளிக்குப் பெட்டியோடு வருவதானால் வா, அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே யாரும் எதுவும் கேட்காமல், நீயும் நானும் ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்து கிழவிகளாகிவிடுவோம்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நானும் இப்போதுதான் கேட்கப் பழகுகிறேன். என்னை நம்பாதே. அவள் திரும்பி வந்ததும், டம்ளரை வைத்து இடம் பிடித்திருப்பாள். போய் உட்காரக்கூட வேண்டாம். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, "எங்கம்மா சொல்லித்தான் இடம் பிடிச்சியா?" என்று அவளிடமே கேள்.

உன் அம்மா